வரலாற்றுப் பிரிவில் படிப்பவள் கிளாட் தேர்வின் கணக்குகளை எப்படிப் பயில்வது?

நெல்லை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இப்போது வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் ஆகிய பாடங்களை எடுத்துப் பிளஸ் ஒன்னில் ஆங்கில வழியில் படித்து வருகிறேன். பிளஸ் டூ முடித்ததும் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர வேண்டும் என்பது என் விருப்பம். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடப்பதால் அங்கே எனக்கு அச்சமில்லை. திருச்சிக்குத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான கிளாட் எழுதியாக வேண்டும் என்பதால்தான் இந்தக் கேள்வி.

குவாண்ட் என்று எல்லோரும் சொல்லும் கணிதப் பகுதிக்காகக் கடந்த மூன்று மாதங்களாக ஒரு வழிகாட்டி நூலிலிருந்து நாள்தோறும் 30 கணக்குகள் போட்டு வருகிறேன். லாப நட்டம், வட்டி, விகிதம் என்று தலைப்பு வாரியாகப் போடும்போது பெரும்பாலும் சரியாக வருகிறது. ஆனால் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாளைப் போல ஒரு நீண்ட ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து அதன் கீழே ஐந்தாறு வினாக்களைக் கேட்டால், பத்தியை மூன்று முறை படித்தும் எந்த எண்ணை எதனோடு சேர்ப்பது என்று விளங்காமல் நின்றுவிடுகிறேன். கடந்த வாரம் எழுதிய மாதிரித் தேர்வில் 12 கணித வினாக்களில் 4 சரி, 6 தவறு, 2 விடுபட்டவை. தவறுக்குக் கால் மதிப்பெண் வீதம் கழித்தால் கையில் நின்றது 2.5 மட்டுமே. இதற்கு நான் செலவிட்ட நேரம் 25 நிமிடங்கள்.

உடன் பயிலும் தோழி ஒருத்தி, கணிதத்தை முழுவதுமாக விட்டுவிட்டு மற்ற நான்கு பகுதிகளில் கவனம் செலுத்து என்கிறாள். அவ்வாறு விடலாமா? விடக்கூடாது என்றால் எந்தப் பாடங்களை, எந்த நூலிலிருந்து, எப்படிப் பயில வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

சட்டக் கல்லூரி இரண்டாமாண்டு:

தங்கைக்கு வணக்கம். விட வேண்டாம் என்பதே என் கருத்து. இப்போதைய முறையில் 2 மணி நேரத்தில் 120 வினாக்கள். அவற்றில் கணிதத்துக்கு 10 முதல் 14 வரை ஒதுக்கப்பட்டுள்ளன. சட்டப் பகுதிக்கும் பொது அறிவுக்கும் 28 முதல் 32 வரை இருப்பதோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆனால் சட்டப் பகுதியிலும் தருக்கப் பகுதியிலும் இரண்டு விடைகள் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றி நம்மைத் தடுமாற வைக்கும். கணிதத்தில் அந்தச் சங்கடம் இல்லை. சரியாகப் போட்டுவிட்டோம் என்பது தேர்வுக்கூடத்திலேயே தெரிந்துவிடும். பலர் அஞ்சி ஒதுக்குகிற பகுதியில் எட்டு வினாக்களை உறுதியாகச் செய்து முடிப்பவர் தரவரிசையில் நல்ல இடத்துக்கு நகர்வார். (தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் அய்லெட் தேர்வில் கணிதத்துக்குத் தனிப் பகுதி கிடையாது. ஆனால் உங்கள் இலக்கு திருச்சி என்பதால் அது உங்களுக்கு உதவாது.)

உங்கள் பயிற்சியில் உள்ள சிக்கல், நீங்கள் பழைய தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பதுதான் என்று நினைக்கிறேன். 2008-இல் தொடங்கிய கிளாட், 2019 வரை 200 வினாக்களைக் கொண்டிருந்தது. அதில் 20 வினாக்கள் தனித்தனியான சிறு கணக்குகள். 2020 முதல் பத்தி, அட்டவணை அல்லது வரைபடம் ஒன்றைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் முறை வந்துவிட்டது. 150 ஆக இருந்த மொத்த வினாக்கள் 2024-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்விலிருந்து 120 ஆகக் குறைந்தன. சந்தையில் கிடைக்கும் பல வழிகாட்டி நூல்கள் அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு உள்ளே அதே தனிக் கணக்குகளைத்தான் வைத்திருக்கின்றன. ஆகவே தலைப்பு வாரியாக 30 கணக்குகள் என்பதை நிறுத்திவிட்டு, நாளொன்றுக்கு இரண்டு பத்திகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020-க்குப் பிந்தைய வினாத்தாள்களும் மாதிரித் தாள்களும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் தளத்திலேயே கிடைக்கின்றன. ஒரு பத்தியை முதல் நாள் நேரம் பார்க்காமல் போடுங்கள். மூன்று நாள் கழித்து அதே பத்தியைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு போடுங்கள். விடை நினைவிருக்கும் என்று தயங்க வேண்டாம். எண்களை எந்த வரிசையில் பிரித்தெடுப்பது என்னும் பழக்கம்தான் அந்த இரண்டாம் முறையில் கைக்கு வருகிறது.

தவறுகளுக்கென ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு தவறுக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். நான் அவ்வாறு எழுதியபோது, என் தவறுகளில் பாதிக்கு மேல் கணக்குத் தவறே அல்ல, வாக்கியத்தைத் தவறாகப் படித்ததால் வந்தவை என்பதைக் கண்டு திகைத்தேன். அதுவரை பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்!

இறுதியாக ஒன்று: தெரியாத வினாவைத் தொடாதீர்கள். ஆறு தவறுகள் உங்களிடமிருந்து ஒன்றரை மதிப்பெண்ணைப் பறித்துவிட்டன.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

மாணவிக்கு என் வாழ்த்துகள். மேலே தம்பி எழுதியதில் குறிப்பேடு பற்றிய பகுதியை நான் மிகவும் ஏற்கிறேன். அதையே இன்னும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இந்தப் பகுதியில் இருக்கும் இடர் கணிதத்தைவிட மொழியைச் சார்ந்தது; அதே தமிழ் அந்த இடரைக் கடக்க ஒரு நல்ல கருவியாகவும் அமைகிறது.

சதவீதக் கணக்குகளில் மாணவர்கள் செய்யும் பெரும் பிழை, எதை 100 என்று கொள்வது என்பதில்தான் நேர்கிறது. ஆங்கில வாக்கியத்தில் 'ஏ இஸ் 25 பெர்சென்ட் மோர் தேன் பி' என்று வரும்போது இரண்டு பெயர்களும் எந்த உருபும் ஏற்காமல் இரு முனைகளில் நிற்கின்றன. அவசரத்தில் படிப்பவர் முதலில் வந்ததை அடிப்படையாகக் கொண்டுவிடுகிறார். அதையே மனத்துக்குள் தமிழாக்கிப் பாருங்கள்: 'பி-ஐ விட ஏ 25 சதவீதம் அதிகம்.' எந்தச் சொல் 'ஐ விட' என்பதை ஏற்கிறதோ அதுதான் 100. அவ்வாறே 'பெண்களில் 60 சதவீதத்தினர்' என்னும்போது 'இல்' என்னும் உருபை ஏற்ற 'பெண்கள்' என்பதே 100. மொத்த மாணவர்கள் அல்ல. நம் மொழியின் வேற்றுமை உருபு அடிப்படை எண்ணைக் கையைப் பிடித்துக் காட்டுகிறது. இந்த ஒரு பழக்கத்தால் தேறிய மாணவர்களை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன்.

இன்னொரு இடம், ஆங்கிலத்தில் 'டூ', 'பை' என்னும் இரு சிறு சொற்கள். விலை 800 ரூபாயாக உயர்ந்தது என்பதற்கும் 800 ரூபாய் உயர்ந்தது என்பதற்கும் தமிழில் ஓர் 'ஆக' மட்டுமே வேறுபாடு. ஆனால் அந்த வேறுபாட்டை நாம் ஒருபோதும் தவறவிடுவதில்லை. ஆங்கிலத்தில் தவறவிடுகிறோம். 'ரெஸ்பெக்டிவ்லி' என்று கண்டால் 'முறையே' என்று ஓரத்தில் எழுதுங்கள். 'பெர்சென்டேஜ் பாயின்ட்' என்பது வேறு, 'பெர்சென்ட்' என்பது வேறு: ஒரு தொகுதியில் வாக்குப்பதிவு 45 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாக உயர்ந்தால், உயர்வு 9 சதவீதப் புள்ளிகள், ஆனால் வளர்ச்சி 20 சதவீதம், ஏனெனில் 9 என்பது 45-இல் ஐந்தில் ஒரு பங்கு. வினாவில் இவ்விரண்டில் எது கேட்கப்பட்டாலும், மற்றது விடைத் தெரிவுகளுள் ஒன்றாக நின்று உங்களை அழைக்கும்.

பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்பு அளவிலான கணிதம் என்று கூட்டமைப்பு கூறுவதைக் கேட்டு, பத்தாம் வகுப்பு நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிடாதீர்கள். விகிதமும் விகித சமமும், அடிப்படை இயற்கணிதம், அளவியல், புள்ளியியல் மதிப்பீடு ஆகியவற்றையே அவர்கள் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறார்கள். நம் மாநிலப் பாடநூல்களில் இதற்கு நேராகப் பொருந்துவது எட்டாம் வகுப்பின் 'வாழ்வியல் கணிதம்' என்னும் இயல்தான். சதவீதம், தள்ளுபடி, கூட்டு வட்டி, நேரமும் வேலையும் எல்லாம் அங்கே இருக்கின்றன. அதோடு பத்தாம் வகுப்பின் அளவியலையும் புள்ளியியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கோணவியலுக்கும் ஆயத்தொலை வடிவியலுக்கும் இப்போது நேரம் செலவிட வேண்டாம். பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், ஒரே இயலின் இரு வடிவங்களையும் அருகருகே திறந்து வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் படியுங்கள். கலைச்சொல் அகராதி எதுவும் தேவைப்படாது.

சில பின்னங்களைச் சதவீதமாக உடனே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்: ஆறில் ஒன்று 16.67, ஏழில் ஒன்று 14.29, எட்டில் ஒன்று 12.5, ஒன்பதில் ஒன்று 11.11, பதினொன்றில் ஒன்று 9.09. இவை இன்றைய பிள்ளைகளுக்குப் புதிதாகத் தோன்றலாம். திண்ணைப் பள்ளியில் படித்த என் தாத்தாவுக்கு மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, இரண்டும் சேர்ந்த மாகாணி பதினாறில் ஒன்று என்பதெல்லாம் வாய்ப்பாடாகவே நாவில் இருந்தன. அரைக்கால் என்று சொன்னாலே 12.5 சதவீதம் என்பது முடிந்த கணக்கு. கடையில் நின்று எண்ணெய்க் கணக்கு பார்த்தவர்களுக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. தேர்வுக்கூடத்தில் உங்களுக்கும் அது கிடையாது.

பத்தியைப் படிக்கும் முறைக்கு வருகிறேன். எண் வந்தவுடன் கணக்கைத் தொடங்காமல், முதலில் ஒரு கட்டம் வரையுங்கள். எடுத்துக்காட்டாக நானே ஒரு பத்தியை அமைத்துத் தருகிறேன்.

ஒரு கல்லூரியில் 1,200 மாணவர்கள் உள்ளனர். ஆண்களும் பெண்களும் முறையே 7:5 என்னும் விகிதத்தில் இருக்கின்றனர். மொத்த மாணவர்களில் 45 சதவீதத்தினர் விடுதியில் தங்கியுள்ளனர். பெண்களில் 60 சதவீதத்தினர் விடுதியில் இருக்கின்றனர். அடுத்த ஆண்டில் விடுதியில் தங்குவோரின் எண்ணிக்கை 10 சதவீதம் கூடியது. ஆனால் விடுதியில் உள்ள ஆண்களின் எண்ணிக்கை 5 சதவீதம் குறைந்தது.

ஆண், பெண், மொத்தம் என்று மூன்று நெடுவரிசைகளும், விடுதி, வீடு, மொத்தம் என்று மூன்று கிடைவரிசைகளும் போடுங்கள். கீழ் வரிசையில் 700, 500, 1,200 என்று எழுதியாயிற்று. மொத்தத்தில் 45 சதவீதம் என்பதால் விடுதி வரிசையின் கடைசிக் கட்டத்தில் 540. பெண்களில் 60 சதவீதம் என்பதால் விடுதிப் பெண்கள் 300. மீதிக் கட்டங்கள் கழித்தலிலேயே நிரம்பிவிடும்: விடுதி ஆண்கள் 240, வீட்டிலிருந்து வரும் ஆண்கள் 460, பெண்கள் 200. இப்போது வீட்டிலிருந்து வரும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் என்ன என்று கேட்டால் 23:10 என்று பார்த்தவுடன் சொல்லலாம். விடுதியில் தங்குவோரில் பெண்களின் பங்கு என்ன என்று கேட்டால், 540-இல் 300, அதாவது ஒன்பதில் ஐந்து. ஒன்பதில் ஒன்று 11.11 என்பது தெரிந்திருந்தால் ஐந்தால் பெருக்கி 55.55-க்குச் சற்று மேல் என்று வகுக்காமலே விடை வந்துவிடும். கட்டம் வரைவதற்கு ஒன்றரை நிமிடம் ஆகலாம். அந்த ஒன்றரை நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள்தான் பத்தியை மூன்று முறை படிக்கிறார்கள்.

மூன்றாவது வினாவை உங்களுக்கே விடுகிறேன்: அடுத்த ஆண்டில் விடுதியில் உள்ள பெண்களின் எண்ணிக்கை எத்தனை சதவீதம் உயர்ந்தது? எப்படிப் போட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாம் முயற்சி:

ஆசிரியர் ஐயாவின் 'ஐ விட' முறையை நானும் குறித்துக்கொண்டேன். நான் சென்ற முறை கிளாட் எழுதி இடம் கிடைக்காமல் மீண்டும் எழுதவிருப்பவன், வணிகவியல் படித்தவன்.

சட்டக் கல்லூரி அண்ணா, தெரியாத வினாவைத் தொடாதீர்கள் என்று எழுதியிருப்பதை மட்டும் மறுக்க அனுமதி வேண்டும். சரியான விடைக்கு 1, தவறுக்குக் கால் என்பதை வைத்துக் கணக்கிட்டால் உண்மை வேறாக இருக்கிறது. எதுவுமே தெரியாமல் 16 வினாக்களுக்குக் குருட்டாம்போக்கில் விடையளித்தால், நான்கில் ஒன்று என்ற கணக்கில் சராசரியாக 4 சரியாகும், 12 தவறாகும்; 4-இலிருந்து 3 போக 1 மிஞ்சும். இதை நம்பி யாரும் தேர்வெழுத வேண்டாம். அது வெறும் நல்வாய்ப்பு. ஆனால் ஒரு தெரிவை உறுதியாக நீக்க முடிந்தால் 12 வினாக்களில் 4 சரி, 8 தவறு, மிச்சம் 2. இரண்டை நீக்க முடிந்தால் 8 வினாக்களிலேயே 4 சரி, 4 தவறு, மிச்சம் 3. எனவே நீக்கத் தெரிந்தவர் விட்டுவிடுவது நட்டம்.

கணிதத்தில் நீக்குவது மற்றப் பகுதிகளைவிட எளிது. 812-இல் 23 சதவீதம் எவ்வளவு என்ற கட்டத்தில் வந்து நின்றால், கால் பங்கு 203 என்பதால் விடை அதற்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். தெரிவுகள் 87, 187, 237, 287 என்றிருந்தால் பெருக்கிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. மாணவியின் ஆறு தவறுகளில் எத்தனை இவ்வாறு நீக்கிப் பார்த்துத் தவறியவை, எத்தனை சரியென்று நம்பிப் போட்டுத் தவறியவை என்று பிரித்துப் பார்த்தால் நல்லது. இரண்டாவது வகைதான் கவலைக்குரியது.

என்னைக் கெடுத்தது கால் மதிப்பெண் அல்ல, நேரம். ஒரே கணக்கோடு ஆறு நிமிடம் மல்லுக்கட்டினேன். அந்த ஆறு நிமிடத்தில் ஒரு சட்டப் பத்தியையே முடித்திருக்கலாம். இப்போது கணிதத்துக்கு மொத்தம் 15 நிமிடம் என்று வரையறுத்துக்கொண்டு, 15 ஆனதும் எழுதுகோலை எடுத்துவிடுகிறேன். கணிதத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதும் எனக்குச் சரிவரவில்லை. களைத்த மூளை கூட்டலிலேயே தவறுகிறது. சட்டப் பகுதியை முடித்ததும் கணிதத்துக்குப் போகிறேன். வினாத்தாள் அச்சிட்ட புத்தகமாக இருப்பதால் எந்தப் பகுதியையும் எப்போதும் எழுதலாம். அவ்வாறு தாவும்போது விடைத்தாளில் வினா எண்ணைப் பார்த்து வட்டத்தை நிரப்புங்கள். பேனாவால் நிரப்பியதை மாற்ற முடியாது.

சட்டக் கல்லூரி இரண்டாமாண்டு:

தம்பியின் கணக்கு சரி. என் அறிவுரையைத் திருத்திக்கொள்கிறேன். தெரியாத வினாவோடு நேரத்தைப் போக்காதீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.

நெல்லை மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை மாதிரித் தேர்வுத் தாளை மீண்டும் எடுத்து ஆறு தவறுகளையும் காரணம் எழுதிப் பிரித்தேன். இரண்டு கூட்டல் பிழைகள். ஒன்றில் உயர்ந்த தொகையை உயர்ந்து நின்ற தொகையாகப் படித்திருந்தேன். மூன்றில் எதை 100 என்று கொள்வது என்பதில் பிழை. ஆறுமே சரியென்று நம்பிப் போட்டவை.

ஐயா தந்த மூன்றாவது வினாவைக் கட்டம் வரைந்து இவ்வாறு போட்டேன். விடுதியினர் 540, 10 சதவீதம் கூடினால் 594. விடுதி ஆண்கள் 240. 5 சதவீதம் குறைந்தால் 228. ஆகவே விடுதிப் பெண்கள் 366. முன்பு 300, இப்போது 366, உயர்வு 66. 66-ஐ 366-ஆல் வகுத்தால் 0.18, எனவே விடை 18 சதவீதம். சரியா ஐயா? இன்னொரு ஐயம்: அளவியலில் எல்லாச் சூத்திரங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

கட்டம் சரி, 594 சரி, 366 சரி, 66-ம் சரி. கடைசி வகுத்தல் மட்டும் தவறு. வினாவைத் தமிழில் முழுமையாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: 'முந்தைய ஆண்டின் எண்ணிக்கையை விட எத்தனை சதவீதம் உயர்ந்தது?' 'ஐ விட' என்பதை ஏற்றது முந்தைய ஆண்டின் எண்ணிக்கை, அதாவது 300. 300-இல் 66 என்பது 22 சதவீதம். நீங்கள் பிரித்தெழுதிய ஆறில் மூன்று எந்த வகையைச் சேர்ந்தனவோ அதே வகையில் இதை நான்காவதாக எழுதிக்கொள்ளுங்கள். தேர்வில் 18, 22 இரண்டும் தெரிவுகளாகத் தரப்பட்டிருக்கும். நீங்கள் 18-ஐ முழு நம்பிக்கையோடு நிரப்பியிருப்பீர்கள்.

அளவியலில் செவ்வகம், முக்கோணம், வட்டம் ஆகியவற்றின் பரப்பளவும் சுற்றளவும், கனச்செவ்வகம், உருளை ஆகியவற்றின் கன அளவும் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். கூம்பையும் கோளத்தையும் அரையாண்டு விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு இதே கல்லூரிப் பத்தியை, விடுதி ஆண்கள் 5 சதவீதம் குறைந்தனர் என்பதற்குப் பதிலாக வீட்டிலிருந்து வரும் பெண்கள் 20 சதவீதம் குறைந்தனர், மொத்தப் பெண்களின் எண்ணிக்கை மாறவில்லை என்று மாற்றிக்கொண்டு மீண்டும் போட்டு இங்கே எழுதுங்கள்.